நடவாத சண்டைக்கு யார் கணக்கு எழுதுவது?

அஹிம்சை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் இல்லத்தார் நினைவு முதலில் செல்வது அடுக்களைக்கே. பொழுது சாய்வதற்குள் உண்டு முடித்தல், நீரை வடிகட்டிப் பருகுதல், கிழங்கு வகைகளை விலக்குதல், அடுப்பு மூட்டுமுன் விறகைத் தட்டிப் பார்த்தல் ஆகியவற்றை நம் பாட்டிமார் நமக்குச் சொல்லித் தந்தனர். நாமும் நம் பெண்மக்களுக்குச் சொல்லித் தந்தோம். விறகு போய் எரிவாயு வந்த பின்னும், அடுப்பைப் பற்றவைக்குமுன் எறும்பு இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நம் கண்ணை விட்டு நீங்கவில்லை. நல்ல பழக்கமே. ஆயினும், தெரு முனையில் இரண்டு இளைஞர் கூட்டங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்போது அந்த அஹிம்சைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், கதவைத் தாழிட்டுக்கொள்வதையே நம்மில் பலர் விடையாகக் கொண்டிருக்கிறோம். நாமும் நெடுங்காலம் அவ்வாறு இருந்தவர்களே என்பதை மறைப்பதற்கில்லை.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் வினா ஒன்றுதான். சண்டை மூண்டபின் அதை அடக்கப் பொதுப்பணம் செலவிடுவதை எவரும் குறை கூறுவதில்லை. ஆனால் மூளுமுன் தடுப்பதற்கு, அதுவும் காவல்துறையைச் சேராத ஊர்மக்கள் சிலருக்கு, நகராட்சியோ அரசோ பணம் கொடுக்கலாமா? கொடுத்தால் அது தருமமா, கூலியா, அல்லது வம்பர்களுக்கு அளிக்கும் கப்பமா?

நாம் வாழும் சமவெளியிலிருந்தே தொடங்குவோம். நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையோரம் ஜேடர்பாளையம் பக்கத்துச் சிற்றூர்கள் கரும்புக்கும் வெல்லத்துக்கும் பெயர் பெற்றவை. 2023 மார்ச் மாதத்தில் அங்கே ஆடு மேய்க்கச் சென்ற இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். வெல்லம் காய்ச்சும் ஆலையில் வேலை செய்துவந்த வெளிமாநிலச் சிறுவன் ஒருவன் கைது செய்யப்பட்டான். துயரம் அத்துடன் நிற்கவில்லை. ஐயம், வதந்தி, பழைய பகை எல்லாம் ஒன்றுசேர்ந்தன. வெல்லக் கொட்டகைகள் தீக்கிரையாயின. மே மாதத்தில் ஓர் இரவு, வடமாநிலத் தொழிலாளர் உறங்கிக்கொண்டிருந்த கொட்டகைக்குத் தீ வைக்கப்பட்டு நால்வர் தீக்காயமுற்றனர், உயிரும் பறிபோயிற்று. எந்த நீதி கேட்டு எந்த ஏழையின் உடலில் தீ வைத்தனர் என்று எண்ணினால் நெஞ்சு பதறுகிறது. பிறகு பாக்கு மரங்களும் வாழைகளும் இரவோடிரவாக வெட்டிச் சாய்க்கப்பட்டன. நூற்றுக்கணக்கான காவலர்கள் ஊர் ஊராகக் குவிக்கப்பட்டனர்.

அத்தனை காவலருக்கும் உணவு, வண்டி, படி என்று எவ்வளவு ஆயிற்று என்று எவரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது, அந்நிலையில் அது வேண்டியதே. நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையே இரண்டு மாதங்கள் இருந்தன. அந்த இரண்டு மாதங்களில் இரு பக்கத்துத் திண்ணையிலும் உட்காரத் தக்கவர், இரு பக்கமும் நீர் வாங்கிப் பருகத் தக்கவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? இருந்திருந்தால் அவர்கள் தம் வயல் வேலையை விட்டு அதற்கென நடக்க யார் பொருள் தந்திருப்பர்?

நம் ஆட்சி முறையில் இதற்கென இருப்பது அமைதிக் கூட்டம். கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் இரு தரப்புப் பெரியவர்களையும் அழைத்து, எதிரெதிர் நாற்காலிகளில் அமர்த்தி, ஒரு தாளில் கையொப்பம் வாங்குவார். முன்னர்க் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, 144ஆம் பிரிவு என்று சொல்லிவந்த நன்னடத்தைப் பிணையும் தடையுத்தரவும், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 126, 163 என்று எண் மாறியிருக்கின்றன. எண் மாறினாலும் வழக்கம் மாறவில்லை. கூட்டத்துக்கு வருவோர் பெரும்பாலும் வெள்ளை வேட்டிக்காரர். கல்லெடுக்கும் கையுடைய பதினேழு வயதுப் பையன் அங்கு அழைக்கப்படுவதில்லை. பெண்களும் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற அனுபவத்தில் சொல்கிறோம்: தலைமையாசிரியர் அறையில் பெற்றோர் கைகுலுக்கிக்கொண்டால் பிள்ளைகளின் சண்டை தீர்ந்துவிடுவதில்லை.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் வகுத்தபோது, முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளைக் கூறும் மூன்றாம் விதியிலேயே, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் விழிப்புணர்வு மையங்களையும் பயிலரங்குகளையும் நடத்தத் தன்னார்வ அமைப்புகளை ஊக்குவித்து, அவற்றுக்கு நிதியுதவியும் பிற உதவியும் தரவேண்டும் என்று எழுதி வைத்தனர். ஆக, பொதுப்பணத்தைத் தடுப்புக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு நாட்டின் சட்டம் முன்பே 'கொடுக்கலாம்' என்று விடை சொல்லிவிட்டது. அந்த விதியை எத்தனை பேர் படித்திருக்கிறோம் என்பதுதான் வேறு கதை.

பீவண்டி என்ற ஊரை நம் வாசகர்கள் அறிந்திருப்பர். மகாராஷ்டிரத்தில் நம் பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்றதொரு விசைத்தறி ஊர். 1970இலும் 1984இலும் அங்கு மதக் கலவரம் கொடுமையாக நடந்தது. 1988இல் அங்கே காவல் துணை ஆணையராகப் பொறுப்பேற்ற சுரேஷ் கோப்படே என்பவர் தெருவாரியாக எழுபது மொகல்லாக் குழுக்களை அமைத்தார். இரு சமயத்தாரும், சாமானியரும், அந்தப் பகுதிக் காவலரும் ஒன்றாக உட்கார்ந்தனர். பேசியது பெரிய தத்துவமன்று. குடும்பச் சச்சரவு, அண்டை வீட்டுத் தகராறு, ஊர்வலம் எவ்வழியே செல்வது போன்ற அன்றாடச் சிக்கல்கள். 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் பம்பாய் பற்றி எரிந்து, ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் கணக்குப்படி 900 பேர் மாண்டபோது, பக்கத்திலிருந்த பீவண்டி அமைதியாக இருந்தது. அதைக் கண்டு பம்பாயிலும் அத்தகைய குழுக்கள் தோன்றின. ஆனால் அதே பீவண்டியில் 2006 ஜூலையில் ஒரு காவல் நிலையக் கட்டடம் காரணமாக மோதல் எழுந்து, பொதுமக்களும் காவலர்களும் உயிரிழந்தனர். ஒருமுறை செய்தோம், முடிந்தது என்பது இதில் இல்லை. வீட்டுக் கூரைக்கு ஆண்டுதோறும் ஓடு மாற்றுவது போன்றதே இது.

கடல் கடந்த செய்தி ஒன்று. அமெரிக்காவில் சிகாகோ நகரில் கேரி ஸ்லட்கின் என்ற மருத்துவர், தொற்றுநோய்த் தடுப்பில் ஆப்பிரிக்காவில் பணியாற்றித் திரும்பியவர், வன்முறையும் தொற்றுநோய் போலவே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது என்று கண்டு, 2000ஆம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கினார். முன்பு தாமே தெருச் சண்டையில் ஈடுபட்டுச் சிறை சென்று மீண்டவர்களை ஊதியத்துக்கு அமர்த்தினார். யார் யாரைப் பழிவாங்கப் போகிறார் என்ற செய்தி முதலில் அவர்கள் காதுக்கே எட்டும் அல்லவா? கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகராட்சியோ 2007இல் இதற்கென ஒரு துறையையே ஏற்படுத்தியது. துப்பாக்கி எடுக்கக்கூடும் என்று கருதப்பட்ட இளைஞரையே தேடிப்பிடித்து, வழிகாட்டியும் ஊக்கத்தொகையும் அளித்தது. 2007இல் அந்நகரில் 47 கொலைகள், 2014இல் 11. குறைவுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். 'கொலைகாரனுக்கு மாதச் சம்பளமா?' என்று அங்கும் கேட்டனர். சிகாகோத் திட்டத்துக்கு 2007இலும் 2015இலும் மாநில நிதி நின்றது. 2025 ஏப்ரலில் அந்நாட்டு மத்திய அரசு இத்தகைய குழுக்கள் பலவற்றுக்கு அளித்துவந்த உதவியை நிறுத்தியது.

ஏன் இவ்வளவு எளிதில் நிறுத்த முடிகிறது? இங்கேதான் நம் ஆசாரியர்கள் கற்பித்த தத்துவம் நமக்கு உதவுகிறது. வினை வந்து புகுவதை ஊற்று என்றனர். புகாமல் அடைப்பதைச் செறிப்பு என்றனர். புகுந்ததைக் கழிப்பதை உதிர்ப்பு என்றனர். ஓட்டையுள்ள ஓடத்தின் உவமையைச் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். உள்ளே வந்த நீரை இறைத்துக் கொட்டுபவனை எல்லாரும் பார்க்கிறார்கள். அவன் தோளில் வியர்வை வழிகிறது. அவனுக்குக் கூலி கொடுக்க யாரும் தயங்குவதில்லை. ஓட்டையை அடைத்தவன் மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். நீர் வரவில்லையே, இவன் எதற்கு என்று கேட்பது உலக இயல்பு. செறிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே அதன் குறை; அதன் பெருமையும் அதுவே. காவல், நீதிமன்றம், சிறை, நிவாரணத் தொகை எல்லாம் உதிர்ப்பைச் சேர்ந்தவை. வேண்டியவைதாம். ஆனால் ஊற்றை அடைக்காமல் உதிர்ப்பை மட்டும் செய்துகொண்டிருப்பவன் கரை சேரான் என்பதைத் துறவிக்கு மட்டும் சொன்ன பாடமாக நாம் கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் ஒத்த வினையே என்பது நம் கொள்கை. தீமைக்கு மட்டுமன்று, நன்மைக்கும் அது பொருந்தும். தெருவில் இறங்கி இருவருக்கு நடுவே நிற்க எழுபது வயதுக்கு மேற்பட்ட நம்மால் இயலாது. நிற்பவருக்கு வழி செய்து கொடுத்தால் அது செய்வித்தல். வரி செலுத்துகிறவர் எல்லாரும் ஒரு வகையில் செய்விப்போரே. தடியடிக்கும் அந்த வரியில்தான் தடி வாங்கப்படுகிறது. அப்படியிருக்கத் தடி தேவைப்படாத ஒரு மாலைப்பொழுதை வாங்க அதில் ஒரு பங்கு போனால் பிழையென்ன?

மறுத்துச் சொல்பவர் வாதங்களையும் தள்ளிவிடக் கூடாது. அவற்றுள் இரண்டு வலிவுடையவை.

ஒன்று, பணம் வந்தால் உள்ளம் கெடும் என்பது. இது பொய்யன்று. ஊர்க்குழு என்ற பெயரில் கட்சிக்காரர் தம் ஆட்களை அமர்த்திக்கொள்வதும், நேற்றுவரை வம்பு செய்தவன் இன்று 'தடுப்பாளர்' அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு கடை கடையாக வசூல் செய்வதும் நடக்கக்கூடியவை. சிகாகோவிலும் பணியாளர் சிலர் மீண்டும் குற்றத்தில் சிக்கினர். இதற்கு நம் விடை, ஆளைத் தெரிந்தெடுப்பதில் கண்டிப்பு வேண்டும், கணக்கை ஊர் நடுவே படிக்க வேண்டும் என்பதே. பணமே கூடாது என்பது விடையாகாது. கோயில் உண்டியலைத் திருடுகிறார்கள் என்பதற்காகக் கோயிலை மூடுவோமா?

இரண்டாவது வாதம் நம்மை அதிகம் வருத்துவது. அமைதிக்குப் பரிசு என்றால், அமைதி போலத் தோன்றும் மௌனத்துக்கும் பரிசு கிடைத்துவிடும். தீண்டாமை இன்றி நல்லிணக்கத்துடன் வாழும் சிற்றூரைத் தெரிந்து பத்து இலட்சம் ரூபாய் வழங்கும் திட்டம் நம் மாநிலத்தில் உண்டு. நல்லெண்ணத்தில் எழுந்த திட்டம். ஆனால் புகார் எழாத ஊர் எல்லாம் குறை இல்லாத ஊரா? கோயில் வாசலில் ஒதுங்கி நிற்பவர் வாய் திறவாதிருந்தால் அதுவும் ஏட்டில் நல்லிணக்கம்தான். 2024 மே மாதத்தில் நம் சேலம் மாவட்டத் தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் கோயில் திருவிழாவில் வழிபாட்டு உரிமை குறித்து மோதல் எழுந்து கடைகள் எரிந்தன. கடைகள் எரிந்த நாள் அதுவாக இருக்கலாம். கேள்வி பிறந்த நாள் அதுவன்று. அடங்கிப் போ என்று எளியவனுக்கு மட்டும் சொல்லும் சமாதானம் ஹிம்சையைத் தள்ளிப்போடுவதே தவிர விலக்குவதன்று. ஆதலின் தெருவில் நடுநிற்பவர் சண்டையை மட்டும் நிறுத்தினால் போதாது. எவனுக்கு என்ன மறுக்கப்பட்டது என்பதை எடுத்துச் சென்று உரிய இடத்தில் சொல்லவும் வேண்டும். அதைச் சொல்பவருக்கு அரசுப் பணம் தொடர்ந்து கிடைக்குமா என்பது நமக்குத் தீராத ஐயமே.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சக மாணவரே ஒரு மாணவரை வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின் நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை தரப்பட்டது. மாணவர் சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டக் கூடாது, பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும், எல்லாப் பிரிவு மாணவரும் சேர்ந்த சமூக நீதி மாணவர் படை வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. கயிற்றைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. நல அலுவலரைப் பற்றிப் பேச்சு குறைவு. கயிற்றை அறுக்கக் காசு வேண்டாம். அலுவலருக்குச் சம்பளம் வேண்டும்.

இதை இவ்வளவு உறுதியாக நாம் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது பெருமைக்குரியதன்று.

நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துடன் இருந்தது. 1980களின் நடுவில் அப்பகுதிப் பள்ளியொன்றில் நாம் நடுநிலை வகுப்புகளுக்கு ஆசிரியையாக இருந்தோம். இரண்டு தெருக்களிலிருந்து பிள்ளைகள் வருவர். மாலையில் பள்ளி விட்டதும் வாய்க்கால் பாலம் வரை ஒன்றாக நடந்து, பாலத்தருகே அடித்துக்கொள்வது வழக்கமாயிற்று. பேருந்து நிறுத்தத்தருகே மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடைக்காரர் ஒருவர் இருந்தார். இரு தெருப் பையன்களும் அவரிடம்தான் குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழகியவர்கள். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதும் யார் யார்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்பதும் அவருக்கு மனப்பாடம். தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டதன்பேரில் அவர் மாலையில் ஒரு மணி நேரம் கடையைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளோடு பாலம் வரை நடப்பார். அது அவருக்கு வாடகை அதிகமாக வரும் நேரம். அந்த இழப்புக்கு ஈடாகப் பெற்றோர் ஆசிரியர் கழகம் மாதம் நாற்பது ரூபாய் கொடுத்தது.

இரண்டு ஆண்டுகள் பாலத்தில் ஒரு சண்டையும் இல்லை. கழகத்தின் வரவு செலவு எழுதும் பொறுப்பு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால், நம்மிடம் வந்தது. அறிவியல் கூடத்துக்கு ஒரு பீரோ வாங்க வேண்டியிருந்தது. எங்கே குறைக்கலாம் என்று பார்த்தோம். 'சண்டைதான் இல்லையே, இந்த நாற்பது ரூபாய் எதற்கு?' என்று கூட்டத்தில் கேட்டவர் நாமே. எவரும் மறுக்கவில்லை. அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்ததும் நம் கைதான்.

கடைக்காரர் மூன்று நான்கு வாரம் காசில்லாமலே நடந்தார். பிறகு நின்றுவிட்டார். அந்தப் பங்குனியில் பாலத்தருகே கல்லெறி நடந்து, நம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இடக்கண் போயிற்று. எறிந்தவனும் நம் வகுப்பே. நாம் கடைக்குச் சென்று அவர் முன் நின்றோம். நம்மைக் குறை சொல்வார் என்று எதிர்பார்த்தோம். சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ தம்மையே நொந்துகொண்டார். "டீச்சரம்மா, சத்தம் கேட்டுதுங்க. அப்பப் பார்த்து ரெண்டு பேரு வண்டி கேட்டு நின்னாங்க. அனுப்பிட்டுப் போலாம்னு இருந்துட்டேன்" என்றார்.

அவர் செய்தது தொண்டா, கூலி வேலையா என்று பிற்காலத்தில் பலமுறை எண்ணியிருக்கிறோம். தானம் என்பது ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என நால்வகைப்படும் என்று பிள்ளைப் பருவத்தில் ஒப்பித்தோம். அச்சத்தை நீக்குவது அபயதானம். அதைச் செய்தவர் அவர். நாற்பது ரூபாய் அதற்கு விலையன்று. அதைச் செய்வதற்காக அவர் இழந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடு. ஏழையின் அறம் அவன் நேரத்திலிருந்துதான் வர வேண்டும். அந்த நேரமோ அவன் பிள்ளைகளின் சோறு. அதை ஈடு செய்யாமல் 'தொண்டு உள்ளம் வேண்டும்' என்று வசதியுள்ளவர் உபதேசிப்பது எளிது. நாம் உபதேசித்தோம்.

சென்ற தசலட்சணப் பருவத்துக்கு முன் நம் ஊர்ச் சிறு சங்கத்தின் ஆண்டுக் கணக்கைப் பார்க்க நேர்ந்தது. ஜீவதயைக்கு ஒரு தொகை, கல்வி உதவிக்கு ஒரு தொகை, பூஜைக்கு ஒரு தொகை. நம் குடியிருப்புக்குப் பின்புறத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அம்மையார் ஒருவர், மாலையில் அத்தெருப் பையன்களைத் தம் திண்ணையில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்கிறார். இரண்டு கூட்டத்துப் பையன்களும் அங்கே வருகிறார்கள். அவருக்குத் தையல் குறைகிறது. அவருக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் எழுதலாமா என்று கேட்டோம். பொருளாளர் இளைஞர், நல்ல பிள்ளை, நம்மிடமே ஏழாம் வகுப்பில் கணக்குப் படித்தவர்.

"டீச்சர், இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? ஜீவதயையிலா, கல்வியிலா?" என்றார்.

"அபயதானம் என்று எழுதுங்கள்" என்றோம்.

"அப்படி ஒரு பத்தி ஏட்டில் இல்லையே. வவுச்சருக்கு எதைக் காட்டுவது?"

நமக்கும் விடை தெரியவில்லை. அவர் சற்று யோசித்து, அளவுகோலை எடுத்துப் புதிதாக ஒரு கோடு போட்டார். பொதுக்குழு ஒப்பும் வரை இருக்கட்டும் என்று தலைப்பைப் பென்சிலால் எழுதியிருக்கிறார்.